மருந்தடிக்கிறவன்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
தெலுக் பாகாங் வனப் பூங்கா வாசலில்
பெயர் எழுதும் தாளில்
'தொழில்' என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டேன்.

ஹஸ்லினாவுக்கு இருபத்தாறு வயது,
என் மூத்த மகளைவிட இரண்டு குறைவு.
"முதலில் மோந்து பாருங்கள், பெயர் அப்புறம்"
என்று கசக்கிய இலையொன்றை நீட்டினாள்.
பதினோரு மூக்குகள் வரிசையில் குனிந்தன.
என் மூக்குதான் சரியில்லை.
பன்னிரண்டு வருட மருந்து
அதில் படிந்து கிடக்கிறது.

மருந்து என்றுதான் நாங்களும் சொல்வோம்.
முதுகில் பதினாறு லிட்டர்,
இடக்கையில் பம்பு, வலக்கையில் குழாய்,
நகராண்மைக் கழகத்துக்கு
சாலையோரம் சுத்தமாக இருக்க வேண்டும்.

போன மாதம் பாயா தெருபோங்கில்
நான் அடித்து முடித்த ஓரத்தில்
ஒரு சீன அம்மா குந்தி உட்கார்ந்து
எதையோ கிள்ளிக் கொண்டிருந்தாள்.
அன்றைக்கு நீலச் சாயம் கலக்கவில்லை,
மண்டோர் மிச்சம் பிடித்திருந்தார்.
எனக்குத் தெரிந்த ஹொக்கியன்
மீன் விலை கேட்கும் அளவுக்குத்தான்.
கையை ஆட்டினேன், வேண்டாம் என்று.
அவளும் சிரித்துக் கையை ஆட்டினாள்.
பேருந்து வந்தது.
பை நிறைய ஏறிப் போனாள்.

அவள் கிள்ளியது என்னவென்று
தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

"பூனைவணங்கி" என்றேன் ஒரு செடியைப் பார்த்து,
குப்பைமேனிக்கு என் அப்பாயி வீட்டுப் பெயர்.
ஹஸ்லினா நின்றுவிட்டாள்.
"நாங்கள் கூச்சிங் காலாக் என்போம்,
வெறி பிடித்த பூனை."
உங்கள் பூனை கும்பிடுகிறது,
எங்கள் பூனை கூத்தாடுகிறது என்றாள்.
என் பூனை தூங்கத்தான் செய்யும் என்றார்
வங்கியில் ஓய்வு பெற்ற திருமதி கூ.

நிலவேம்பை நாக்கில் வைத்தேன்.
கசப்பு உச்சந்தலைக்கு ஏறி
இறங்க மறுத்தது.
ஹெம்பெடு பூமி, பூமியின் பித்தம்.
பூமி என்ற சொல் மட்டும்
இரண்டு மொழியிலும் அதே கனம்.

ஒரு சின்னச் செடியைப் புரட்டிக் காட்டினாள்.
இலைக்கு அடியில் காய்கள்,
குண்டூசித் தலை அளவில், வரிசையாய்.
கீழாநெல்லி.
மலாயில் டுக்கோங் அனாக்:
பிள்ளையை முதுகில் தூக்குவது.
பட்டை அழுத்திக் கறுத்த
என் தோள் இரண்டும் அரித்தன.
இறக்கி வைத்த பிறகும்
கலன் இறங்காத நாட்கள் உண்டு.

ஓடைக்கரையில் வல்லாரை.
சந்தையில் ரப்பர் வளையம் போட்ட கட்டாய்
வாங்கியிருக்கிறேன், துவையல் அரைத்திருக்கிறோம்.
மண்ணோடு பார்த்ததில்லை.
இல்லை, பார்த்திருக்கிறேன்,
மேலிருந்து, கண்ணாடி வழியாக.
அங்கிருந்து எல்லாம் புல்தான்.
வட்ட இலை, விளிம்பில் பல், நீளக் காம்பு.
அந்த அம்மாவின் பைக்குள்
கடைசியாக நுழைந்த கைப்பிடி.

பட்டணத்தில் எங்கே பறிக்கலாம்
என்று யாரோ கேட்டார்கள்.
"சாலையோரத்தில் மட்டும் வேண்டாம்,
மருந்தடிப்பார்கள்" என்றாள் ஹஸ்லினா.
"யார் அடிப்பது?" என்றார் திருமதி கூ,
உண்மையிலேயே தெரியாமல்.
நான் குனிந்து
அவிழாத ஷூ நாடாவைக் கட்டினேன்.

திங்கட்கிழமை. அதே சாலை.
இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே
விசையிலிருந்து விரல் எடுத்தேன்.
நான்கு எட்டு நடந்தேன்.
மறுபடி அழுத்தினேன்.

"அங்க என்ன விட்டுட்டே?"
லோரியிலிருந்து மண்டோர்.
நுனி அடைச்சுக்கிச்சு என்றேன்.
இறங்கி வந்தார்,
குழாயை வாங்கித் தட்டினார், அழுத்தினார்.
என் பூட்ஸ்மேல்
நன்றாகத்தான் வந்து விழுந்தது மருந்து.